பியட்ரிக்ஸ் பாட்டர் முயல் வரைந்தது, பூஞ்சை ஆய்வு கைகூடாமல் போனதாலா?

பெண் என்பதற்காக அறிவியல் உலகம் கதவை அடைத்ததால்தான், பீட்டர் முயலின் கதையை எழுதி வரைந்த ஆங்கில எழுத்தாளர் பியட்ரிக்ஸ் பாட்டர் குழந்தைகளுக்கு முயல் படம் வரையப் போனார் என்று எங்கோ படித்ததாகவும், அது உண்மைதானா என்றும், பூச்சியையும் இலையையும் மணிக்கணக்கில் உட்கார்ந்து வரையும் உங்கள் 10 வயது மகளுக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு, அதன் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. குழந்தைகள் நூலுக்குப் படம் வரைவது, பெரிய வேலை கிட்டாதவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் சின்ன வேலைதானா என்பதே அது. 22 ஆண்டுகளாகச் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்து பிழைப்பவன் நான். அந்தத் தகுதியில் பதில் எழுதுகிறேன். பூஞ்சையியல் நான் படித்த துறை அன்று. ஆகவே அந்தப் பகுதியில், ஆவணங்களில் தெளிவாகப் பதிவாகியிருப்பதைத் தாண்டி எதையும் சொல்லப்போவதில்லை.

முதலில் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். பாதிக் கேள்வி அதிலேயே தீர்ந்துவிடும். பியட்ரிக்ஸ் பாட்டர் 1866 சூலை 28 அன்று லண்டனின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். லங்காஷயரின் பருத்தித் தொழிலில் சேர்ந்த செல்வம் குடும்பத்தில் இருந்தது. பாட்டனார் துணிகளுக்குச் சாயப் பூக்கள் அச்சிடும் ஆலை நடத்தியவர். பியட்ரிக்ஸ் பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டு ஆசிரியைகளிடமே படித்தார். அவருடைய முயல் படங்கள் முதன்முதலில் காசுக்கு விற்றது 1890-இல். தாம் வளர்த்த பெஞ்சமின் என்ற முயலை மாதிரியாக வைத்து வரைந்த வாழ்த்து அட்டைப் படங்களை ஒரு பதிப்பகம் 6 பவுண்டு கொடுத்து வாங்கியது. பீட்டர் முயலின் கதை பிறந்தது 1893 செப்டம்பர் 4 அன்று. ஸ்காட்லாந்தில் டன்கெல்டு என்ற ஊரில் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தவர், தம் பழைய ஆசிரியை ஆனி மூரின் மகன், நோயுற்றுப் படுத்திருந்த 5 வயது நோயலுக்கு, என்ன எழுதுவதென்று தெரியவில்லை, ஆகவே நான்கு குட்டி முயல்களின் கதையைச் சொல்கிறேன் என்று தொடங்கிப் படங்களோடு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு மறுநாளே நோயலின் தம்பிக்கு ஒரு தவளையின் கதையை எழுதினார். அது பின்னாளில் ஜெரமி ஃபிஷர் என்ற நூலாயிற்று. அவருடைய பூஞ்சைக் கட்டுரை, லண்டனில் இயற்கையியல் அறிஞர்கள் கூடும் லின்னியன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது 1897 ஏப்ரல் 1 அன்று. ஆக, கதவு அடைபட்டதாகச் சொல்லப்படும் நாளுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே முயல் விலை போயிருக்கிறது. பின்னாளில் நீலச் சட்டைக்காரனாகப்போகும் பீட்டர், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் முன்பே கதையில் வரும் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டான். ஒன்று போனதால் மற்றொன்று வந்தது என்ற கதை இந்த வரிசைக்குள் அடங்கவில்லை.

ஆனால் அவருக்கு அநீதியே நேரவில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உறுதியாகத் தெரிந்தவை இவை. டன்கெல்டு வட்டாரத்தில் அஞ்சல்காரராக இருந்து இயற்கையைத் தாமே கற்ற சார்லஸ் மக்கின்டாஷ், பாட்டரின் பூஞ்சைப் படங்களைப் பார்த்து, வகைப்பாட்டுக்கு எந்தெந்த உறுப்புகளைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மாதிரிகளை அஞ்சலிலும் அனுப்பினார். அத்தையின் கணவரும் வேதியியலாளருமான சர் ஹென்றி ராஸ்கோவின் உதவியால் கியூ தாவரவியல் தோட்டத்துக்குள் சென்று பார்க்க பாட்டருக்கு அனுமதி கிடைத்தது. அங்கே இயக்குநர் அவரை அலட்சியமாகவே நடத்தினார். குடைக்காளான் வகைகளின் வித்துகள் முளைக்கும் விதத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை, லின்னியன் சங்கக் கூட்டத்தில் பெண்கள் அமர இயலாத காலம் என்பதால், கியூவைச் சேர்ந்த ஜார்ஜ் மாசி அவர் சார்பில் முன்வைத்தார். அது அச்சேறவில்லை, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. லின்னியன் சங்கம் முதன்முதலில் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1904-இல். 1997-இல் அதே சங்கம், பாட்டர் முறையாக நடத்தப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டது.

ஐயத்துக்கு உரியவை இதற்கு மேல் கட்டப்பட்ட மாடிகள். அந்தக் கட்டுரையின் பிரதி எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே அது ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்று முழங்குவதற்கும், அற்பமானது என்று தள்ளுவதற்கும் ஒரே அளவுக்குத்தான் ஆதாரம் உண்டு. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழ்வதே லைக்கன் என்ற கருத்தை முதலில் சொன்னவர் அவரே என்று சிலர் எழுதுகிறார்கள்; அது சரியன்று. சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் சைமன் ஷ்வென்டனர், பாட்டர் சிறு குழந்தையாக இருந்த 1860-களிலேயே அதைச் சொல்லிவிட்டார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டபோது பாட்டர் மனம் உடைந்து தூரிகையை முயலின் பக்கம் திருப்பினார் என்பதும் கற்பனையே. பதின்பருவத்திலிருந்து தாமே அமைத்த இரகசிய எழுத்தில் அவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். அதை லெஸ்லி லிண்டர் என்ற பொறியாளர் ஆண்டுக்கணக்கில் முயன்று 1958-இல் படித்தறிந்தார். அது 1966-இல் நூலாக வந்தது. ஆனால் அந்த நாட்குறிப்பு 1897 சனவரியோடு நின்றுவிடுகிறது. ஏப்ரலில் அவர் என்ன நினைத்தார் என்று சொல்ல அவருடைய எழுத்தே நமக்குத் துணையாக இல்லை. ஒன்று மட்டும் கண்ணெதிரே இருக்கிறது. அவருடைய நூற்றுக்கணக்கான பூஞ்சை ஓவியங்கள் ஆம்பிள்சைடு ஊரின் ஆர்மிட் நூலகத்துக்குச் சென்று சேர்ந்தன. 1967-இல் வெளிவந்த ஒரு பூஞ்சைக் கையேடு அவருடைய 59 படங்களை எடுத்து அச்சிட்டது. வரைந்து 70 ஆண்டுகள் கழித்தும் இனத்தை அடையாளம் காண உதவும் படம் என்றால், அதில் கைத்திறனைவிடக் கண்ணின் திறனே பெரிது.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய சிறுவயது பதில் சொல்கிறது. அவரும் தம்பி பெர்ட்ரமும் மாடியிலிருந்த படிப்பறையில் முயல், எலி, முள்ளெலி, வௌவால், தவளை, பல்லி, பாம்பு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் வளர்த்தார்கள். இறந்தவற்றில் சிலவற்றை வேகவைத்து எலும்புக்கூட்டைப் பிரித்தெடுத்து அதையும் வரைந்தார்கள். கேட்பவர்களுக்கு இது கொடூரமாகத் தோன்றலாம். படம் வரைபவர்களுக்கு அதன் அருமை தெரியும். தோலுக்கடியில் தோள் எலும்பு எங்கே திரும்புகிறது என்று தெரியாதவர் முயலுக்குச் சட்டை மாட்டினால், அது சட்டை மாட்டிய பொம்மையாகத்தான் இருக்கும். தந்தையின் நண்பரான ஓவியர் ஜான் எவரெட் மில்லே, வரையத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், உன்னிடம் இருப்பது கூர்ந்து பார்க்கும் திறன் என்ற பொருளில் தம்மிடம் சொன்னதாகப் பாட்டர் குறித்து வைத்திருக்கிறார். அவருக்குக் கிடைத்த பாராட்டுகளில் மிகச் சரியானது இதுவே என்பது என் எண்ணம்.

தொழில் பழகிய புதிதில் அவருடைய படங்களைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தேன். அப்போதுதான் புரிந்தது, பீட்டரின் முகத்தில் சிரிப்போ அழுகையோ ஏறக்குறைய கிடையாது என்பது. நாங்கள் எல்லாரும் செய்யும் எளிய வேலை, விலங்கின் வாயை வளைத்துச் சிரிக்க வைப்பதும், கண்களை முன்பக்கம் கொண்டுவந்து புருவம் போடுவதும். பாட்டர் அதைச் செய்வதில்லை. முயலின் கண் தலையின் பக்கவாட்டில்தான் இருக்கிறது. வாய் முயலின் வாய்தான். அச்சம் வந்தால் காது பின்னால் படிகிறது, முதுகு தரையோடு தாழ்கிறது. நிம்மதி வந்தால் உடம்பு தளர்கிறது. தாய் முயல் பீட்டரின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிடும் படத்தைப் பாருங்கள். மூன்று சகோதரிகளும் ஒருபக்கம் கூடி நிற்க, பீட்டர் அவர்களிடமிருந்து விலகி நிற்கிறான். இவன் பேச்சைக் கேட்கப்போவதில்லை என்பதைக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே அந்த நிற்பு சொல்லிவிடுகிறது.

அந்த நீலச் சட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது அலங்காரத்துக்காகப் போட்டது அன்று. கதையின் அச்சாணியே அதுதான். சட்டை இருக்கும்போது பீட்டர் இரண்டு காலில் நடக்கிறான், முள்ளங்கி தின்கிறான், குறும்புக்காரச் சிறுவனாக இருக்கிறான். அவன் திருட்டுத்தனமாக நுழைந்த தோட்டத்தின் சொந்தக்காரர் மக்கிரிகர் துரத்தும்போது காலணிகள் இரண்டும் கழன்று விழுகின்றன. உடனே அவன் நான்கு காலில் ஓடுகிறான், வேகமும் கூடுகிறது. பழச்செடிக்குப் போட்ட வலையில் சட்டையின் பெரிய பித்தளைப் பொத்தான்கள் மாட்டிக்கொள்கின்றன. சட்டையைக் கழற்றிப் போட்டால்தான் உயிர் பிழைக்கலாம். கழற்றியதும் அவன் வெறும் முயல், பிடிபட்டால் தந்தையைப் போலவே பணியாரத்துக்குள் போகக்கூடிய முயல். மனிதச் சாயலும் விலங்கின் இயல்பும் ஒரே உருவத்தில் மாறி மாறி வருவதை ஒரு சட்டையை மாட்டியும் கழற்றியும் காட்டியிருக்கிறார். இரண்டு இயல்புகளையும் உள்ளும் புறமும் அறிந்தவருக்கே இது கைவரும். கடைசியில் மக்கிரிகர் அந்தச் சட்டையையும் காலணிகளையும் கொல்லைப் பொம்மையாக நட்டு வைக்கிறார். உள்ளே உடம்பு இல்லாத அந்தச் சட்டையைக் கண்டு குழந்தைகள் ஒரு கணம் பேசாமல் இருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

மக்கிரிகரின் தோட்டம் எங்கே இருந்தது என்பதற்குப் பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. மக்கின்டாஷ்தான் மக்கிரிகரின் மாதிரி என்றும் சொல்லப்படுவதுண்டு. இவற்றை நான் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதே சமயம், 1904-இல் வந்த பெஞ்சமின் முயல் கதையின் தோட்டத்தை வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஃபா பார்க் என்ற மாளிகையில் தங்கியிருந்தபோது வரைந்தார் என்பதும், அணில் நட்கின் கதையின் ஏரி டெர்வென்ட்வாட்டர் என்பதும் உறுதி. குளூஸ்டர் தையற்காரர் கதையில் வரும் பூவேலை செய்த சட்டை, தெற்கு கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் இருந்த 18-ஆம் நூற்றாண்டு உடுப்பைப் பார்த்து வரைந்தது. எலிகள் தைக்கும் சட்டைக்குக்கூட உண்மையான ஒரு தையலைத் தேடிப் போயிருக்கிறார்.

அவருக்கு வராதது ஒன்றும் உண்டு: மனித உருவம். மக்கிரிகரைப் பெரும்பாலும் தொலைவிலோ முதுகுப் பக்கமாகவோதான் காண்கிறோம். வெங்காயப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருக்கும் அவர் முதுகை, பீட்டர் ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டியின் மேலேறிப் பார்க்கும் இடத்தில் அந்தக் குறையே நிறைவாகிவிடுகிறது. முயலுக்கு மனிதன் அப்படித்தான் தெரிவான். 1905-இல் வந்த முள்ளெலிச் சலவைக்காரியின் கதையில் லூசி என்ற சிறுமியை நேருக்கு நேர் வரைய வேண்டியிருந்தது. அந்தச் சிறுமி மரத்தில் செதுக்கியவள் போல விறைத்து நிற்க, அவள் பக்கத்தில் முள்ளெலி மூச்சு விடுகிறது.

நூல் உருவான விதத்திலும் அவருடைய பிடிவாதம் தெரிகிறது. 1900 வாக்கில் நோயலிடமிருந்து பழைய கடிதத்தை இரவல் வாங்கிப் படியெடுத்து, கதையை நீட்டிப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். பலர் திருப்பி அனுப்பினார்கள். சிலர் இன்னும் பெரிய, விலை கூடிய நூலாக இருந்தால் போடலாம் என்றார்கள். குழந்தையின் கைக்குள் அடங்கும் அளவும் ஒரு ஷில்லிங் விலையும் இருந்தே தீர வேண்டும் என்று அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1901 டிசம்பரில் தம் சொந்தப் பணத்தில் 250 படிகள் அச்சிட்டார். முகப்பில் ஒரு வண்ணப் படம், மற்றவை கறுப்புக் கோட்டுப் படங்கள். இதற்கிடையே, படங்களை வண்ணத்தில் வரைந்து தந்தால் வெளியிடுகிறோம் என்று பிரெடெரிக் வார்ன் பதிப்பகம் முன்வந்தது. 1902 அக்டோபரில் வந்த முதல் 8,000 படிகள் கடைக்கு வரும் முன்பே முன்பதிவில் தீர்ந்தன.

அந்த வண்ணம் எப்படி வந்தது என்பதை அச்சகத்தோடு பழகியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவருக்கு முந்திய தலைமுறையில், அவர் மிகவும் மதித்த ரான்டால்ஃப் கால்டெகாட் போன்றவர்களின் படங்களை மரக்கட்டையில் வேறொருவர் செதுக்கித்தான் அச்சிட வேண்டும். ஓவியரின் கோடு செதுக்குபவரின் கை வழியாகத்தான் குழந்தையிடம் போகும். பாட்டர் வந்த நேரம், படத்தை நிற வடிகட்டிகளின் வழியே ஒளிப்படம் எடுத்து மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று ஹாஃப்டோன் பிளாக்குகளாக, அதாவது சிறு புள்ளிகளால் ஆன அச்சுத் தகடுகளாகப் பிரிக்கும் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. நீர்வண்ணத்தின் மெல்லிய கழுவல்கூட, இடையில் யார் கையும் படாமல் தாளுக்கு வந்தது. ஆனால் அதற்கு வழவழப்பான ஆர்ட் பேப்பர் வேண்டும். கறுப்புக்கெனத் தனி பிளாக் இல்லாததால் மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழ வேண்டும். ரிஜிஸ்டர் என்னும் அந்தப் பொருத்தம் ஒரு மயிரிழை தப்பினாலும் முயலின் மீசை மங்கிவிடும். அவருடைய படங்களில் உருவத்தைச் சுற்றி வெள்ளை இடம் நிறைய இருப்பதற்கும், மெல்லிய பழுப்புக் கோடு உருவத்தைக் கட்டிப் பிடிப்பதற்கும், எல்லா நிறமும் அடங்கிய தொனியில் இருப்பதற்கும் அவருடைய இரசனையே முதல் காரணம். அந்த இரசனை அன்றைய அச்சுக்கும் பொருந்திப்போனது. விரித்தால் ஒரு பக்கம் படம், எதிர்ப்பக்கம் சில வரி எழுத்து. அடுத்து என்ன ஆகும் என்பது எப்போதும் தாளைப் புரட்டினால்தான் தெரியும். இந்த அமைப்பு அவர் கடிதத்தில் படமும் வரியும் மாறி மாறி வந்ததன் தொடர்ச்சியே.

பிற்கால வாழ்க்கையை விரைந்து சொல்லிவிடுகிறேன். தம் நூல்களைக் கவனித்துவந்த நார்மன் வார்னை மணக்க, பெற்றோர் எதிர்த்தும், 1905 சூலையில் சம்மதித்தார். ஆகஸ்டு 25 அன்று நார்மன் இறந்துபோனார். அதே ஆண்டில் ஏரி மாவட்டத்தின் நியர் சாரி என்ற சிற்றூரில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். அந்த வீட்டின் படிக்கட்டும் அடுப்பங்கரையும் தோட்டமும் டாம் கிட்டன், ஜெமைமா வாத்து முதலிய கதைகளில் அப்படியே வருகின்றன. துயரத்தில்தான் சிறந்த நூல்கள் பிறந்தன என்று இதையும் ஒரு கதையாக்குவார்கள். பண்ணையில் ஒவ்வொரு நாளும் பார்க்கப் புதிதாக ஒன்று இருந்தது என்ற எளிய காரணமே எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது. 1913 அக்டோபரில், 47-ஆம் வயதில், வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்தார். அதற்குப் பிறகு கண்பார்வை தளர்ந்தது, ஹெர்ட்விக் இனச் செம்மறியாடுகள் மேல் ஈடுபாடு வளர்ந்தது, படங்கள் குறைந்தன. 23 சிறு நூல்களின் வரிசை 1930-இல் முடிந்தது. 1943 டிசம்பர் 22 அன்று அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் நிலங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார்.

உங்கள் மகளுக்கு எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். கதவு அடைபட்டதையும் சொல்லுங்கள். அது நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதனால்தான் முயல் வந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். பூஞ்சையின் தண்டில் இருக்கும் வளையத்தையும் முயலின் காதில் ஓடும் நரம்பையும் ஒரே பெண் ஒரே மேசையில் ஒரே தூரிகையால் வரைந்தாள். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று அவள் நடத்தவில்லை. அவருடைய காளான் ஓவியம் ஒன்றையும் பீட்டர் முயலின் கதையையும் அருகருகே வைத்து, எதுவும் சொல்லாமல் மகளிடம் கொடுங்கள். முதலில் சட்டை போட்ட பீட்டரையும், பிறகு சட்டை இழந்த பீட்டரையும் அவள் பார்த்து வரையட்டும். இரண்டாவது படத்தில் பின்னங்கால் எந்த இடத்தில் மடங்குகிறது என்று அவளே உங்களிடம் கேட்பாள். அப்போது பக்கத்தில் எங்காவது முயல் வளர்ப்பவர்கள் இருந்தால் அவளை அங்கே அழைத்துப் போங்கள்.